ஒரு பெட்டிக்குள் ஆறு குடித்தனம்: விஎம் வைத்து சர்வர் நடத்துவது எப்படி

வடசென்னையில், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைதான் என் அலுவலகம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கும் ஐஸ் கடைக்காரர்கள், மீன் ஏலக்காரர்கள், வலை விற்பவர்கள் என்று முப்பது சொச்சம் பேருக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதை நானே சர்வரில், அதாவது எல்லாக் கடைகளும் வந்து பேசும் ஒரு கம்ப்யூட்டரில், வைத்து நடத்துகிறேன். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. வீடு பார்க்க வருகிறவர்கள் ஆஹா என்பார்கள். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பத்தில் என்னிடம் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் கடைக்காரர்கள் பயன்படுத்தும் நிஜ பில்லிங், இன்னொன்றில் புதிதாக எழுதியதைச் சோதிப்பது, மூன்றாவது விண்டோஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று உயிர் பெறாது. ஃபேன் சுற்றும், திரை கறுப்பாக இருக்கும். மூடியைக் கழற்றி, ரேமைப் பிடுங்கி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து, திரும்பச் செருக வேண்டும். 'டக்'கென்று இரண்டு பக்கமும் கவ்வும் சத்தம் கேட்டால் பாதி நிம்மதி. ஸ்க்ரூ தலைகளில் துரு பிடித்திருக்கும். உப்புக்காற்றின் வேலை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். கரெண்ட் போனது போனதுதான். மூன்றாம் நாள் நிஜ பில்லிங் பெட்டியை இடுப்பில் சுமந்து படி இறங்கி, கரெண்ட் வந்திருந்த உறவினர் வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். அங்கே ஆன் செய்தால் பீப், பீப், பீப். ஆட்டோ குலுக்கலில் ரேம் மறுபடி நகர்ந்திருந்தது. ரப்பர் வீட்டில் இருந்தது. அன்று அந்தக் கேபினெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது: எனக்கு வேண்டியது இந்த இரும்புப் பெட்டி இல்லை, உள்ளே ஓடுவது மட்டும்தான். ஆனால் அதை இதிலிருந்து பிரித்தெடுக்க எனக்கு வழி இல்லை.

அந்த வழிதான் விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின். மெய்நிகர் கணினி என்று தமிழில் எழுதுகிறார்கள். கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அது என்ன என்று வடசென்னைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நம் பக்கம் பழைய வீடுகளில் ஒரே வாசல், உள்ளே ஐந்தாறு போர்ஷன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பூட்டு, தனி அடுப்பு. தண்ணீருக்கு மட்டும் முற்றத்தில் ஒரு அடிபம்பு. நிஜப் பெட்டிதான் வீடு. அதை ஹோஸ்ட் என்பார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு விஎம்மும் ஒரு குடித்தனம், கெஸ்ட். யாருக்கு எந்த அறை, எவ்வளவு வாடகை என்று பார்க்கும் வீட்டுக்காரம்மாதான் ஹைப்பர்வைசர். ஒவ்வொரு குடித்தனமும் தனக்கே தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கும். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ், ஒன்று செத்துப்போனாலும் பக்கத்து வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டே இருக்கும்.

இது புதுச் சரக்கும் இல்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370 என்று விற்றது. நம் கைக்கு எட்டியது பின்னால்: 2005, 2006-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் சாதாரண பிராசசர்களிலேயே இதற்கான வசதியை வைத்தன, 2007-ல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்தது. விஎம்களை உருவாக்கி நடத்த நான் பயன்படுத்தும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் அந்தக் கேவிஎம்மின் மேல் உட்கார்ந்திருப்பதுதான். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, இலவசம்.

முதலில் லேப்டாப்பில் விளையாடிப் பாருங்கள்

எடுத்த எடுப்பில் பெட்டி வாங்க வேண்டாம். இருக்கிற விண்டோஸ் லேப்டாப்பில் விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டு, அதற்குள் லினக்ஸில் ஒரு வகையான உபுன்டு சர்வரை நிறுவிப் பாருங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் 2 ஜிபி அதற்குக் கொடுக்கலாம். வேண்டுமென்றே கெடுங்கள், அழியுங்கள், மறுபடி நிறுவுங்கள். ஒரு சாயங்காலம் போதும், பயம் போய்விடும். சர்வர் என்ற வார்த்தைக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் மரியாதை கொஞ்சம் குறைவது இந்த வேலைக்கு நல்லது.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியூ. கீழே 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸில், அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில், போய் மாற்ற வேண்டும். இன்டெல் போர்டில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி அல்லது விடி-எக்ஸ் என்று இருக்கும். ஏஎம்டியில் அதே விஷயம் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். பயாஸில் இருக்கும்போதே, கரெண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பையும் 'பவர் ஆன்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் விடியற்காலை 3 மணிக்குக் கரெண்ட் வந்தாலும் பெட்டி உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும்.

பெட்டி வாங்கும்போது

புது சர்வர் அவசியமே இல்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஆபீஸ்களிலிருந்து கழித்த டவர்கள் வரும். நான் எடுத்தது எட்டாம் தலைமுறை ஐ7, 6 கோர். அதற்கு 16 ஜிபி ரேம் நாலு போட்டு 64 ஆக்கினேன், 1 டிபி எஸ்எஸ்டி இரண்டு. பணம் பத்தாது என்றால் பிராசசரில் குறையுங்கள், ரேமில் குறைக்காதீர்கள். காரணம் உண்டு.

பிராசசர் ஷேர் ஆட்டோ மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. 6 கோரை 12 கோராக எண்ணிப் பங்கு போட்டுக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஓடும். ரேம் அப்படி இல்லை, அது போர்ஷன். ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் தெருவில்தான் சண்டை நடக்கும். என் கணக்கைச் சொல்கிறேன்: நிஜ பில்லிங்குக்கு 12 ஜிபி, டெஸ்ட் பில்லிங்குக்கு 8, வெப்சைட் சோதனைக்கு 4, விண்டோஸ் 7-க்கு 3, விண்டோஸ் 10-க்கு 4, விண்டோஸ் 11-க்கு 6. ஹோஸ்டுக்கு 8 ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் டிஸ்கைப் பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் தானும் ரேம் தின்னும். மொத்தம் 45. மீதி 19 சும்மா கிடக்கிறது, அது வீண் இல்லை. திடீரென்று ஒரு டெஸ்ட் மெஷின் கிளம்ப வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 7 எதற்கு என்று கேட்பீர்கள். வலைக்கடைக்காரர் ஒருவர் இன்னும் அதில்தான் பில் போடுகிறார். "ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. விஎம் இருப்பதால் அவருடைய கம்ப்யூட்டரின் நகல் ஒன்று என் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. புது வெர்ஷன் அனுப்புவதற்கு முன் அதில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். அதற்கு மட்டும் இன்டர்நெட் கிடையாது.

டிஸ்க்தான் அந்த முற்றத்து அடிபம்பு. ஆறு குடித்தனமும் காலையில் ஒரே நேரத்தில் குடத்தோடு நின்றால் வரிசை நீளும். பழைய சுழலும் ஹார்ட்டிஸ்கில் விஎம் வைத்தீர்களானால் 'விஎம் என்றாலே மெதுவு' என்று சொல்லிக்கொண்டு திரிவீர்கள். எஸ்எஸ்டி கட்டாயம். இரண்டு போட்டு, நிறுவும்போதே இசட்எஃப்எஸ் மிரர் ஆக்கிவிடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று நடத்தும். விலை குறைந்த எஸ்எஸ்டி சீக்கிரம் தேயும் என்பதும் நினைவிருக்கட்டும். பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க்ஸ் பக்கத்தில் 'வேர்அவுட்' என்று ஒரு சதவீதம் காட்டும், மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கரெண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஒன்று சராசரி 100 வாட் இழுத்தால், 24 மணி நேரமும் ஓடி 60 நாளில் 144 யூனிட். மூன்று பெட்டிக்கு 432. இப்போது ஒரே பெட்டி, என் மீட்டரில் 70 வாட் சுற்றி நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் சொச்சம். அறைக்குள் சூடும் குறைந்தது. பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவர் ஓரம் வைத்துவிட்டேன். மூன்றை வைக்க அங்கே இடம் இருந்ததில்லை.

நிறுவுதல்

பிராக்ஸ்மாக்ஸின் ஐஎஸ்ஓவை (நிறுவுவதற்கான ஃபைல்) இறக்கி, எட்சர் என்ற நிரலை வைத்துப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. கவனம் வேண்டிய இடங்கள் இரண்டே. ஒன்று, அந்த டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். இரண்டு, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பெட்டியின் விலாசம்) கேட்கும்போது உங்கள் ரவுட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்காத ஒரு நிலையான எண்ணைக் கொடுங்கள். வைஃபை வேண்டாம், கேபிள்தான். வைஃபை வழியாக உள்ளே இருக்கும் விஎம்களுக்குப் பாலம் போட முடியாது; ரவுட்டர் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தைத்தான் உள்ளே விடும், அதன் பின்னால் நிற்கும் ஆறு பேரை விடாது.

முடிந்ததும் மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றிவிடலாம். வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த ஐபி, பக்கத்தில் முக்காற்புள்ளி, 8006. பாதுகாப்பில்லை என்று பிரவுசர் பயமுறுத்தும். உங்கள் வீட்டுக்குள்தானே, தாண்டிப் போங்கள். சந்தா இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி எழும்பும், அதுவும் பரவாயில்லை. ஆனால் அப்டேட் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் ரெபாசிட்டரீஸ் பக்கத்தில் 'என்டர்பிரைஸ்' என்பதை அணைத்து, 'நோ சப்ஸ்கிரிப்ஷன்' என்பதைச் சேர்க்காவிட்டால் அப்டேட் வராது.

விஎம் உருவாக்க மேலே 'கிரியேட் விஎம்' பொத்தான். லினக்ஸுக்கு அது கேட்பதற்கெல்லாம் தலையாட்டினாலே பெரும்பாலும் சரியாக வரும். டிஸ்க் பக்கத்தில் 'டிஸ்கார்ட்' என்பதை டிக் செய்யுங்கள், அழித்த இடம் திரும்பக் கிடைக்கும். சிபியூ வகையில் 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் வேகம் என்று பலர் சொல்வார்கள்; உண்மைதான். நான் மாற்றுவதில்லை. என் மாற்றுப் பெட்டியில் இருப்பது வேறு பிராசசர், அங்கே தூக்கிப் போடும்போது தகராறு வேண்டாம்.

விண்டோஸில்தான் முதல் தடவை எல்லாரும் விழுவார்கள். டிஸ்கையும் நெட்வொர்க்கையும் விர்ட்-ஐஓ (விஎம்முக்கென்றே செய்த வகை) என்று வைத்தால்தான் வேகம். ஆனால் விண்டோஸுக்கு அந்த டிரைவர் தெரியாது. நிறுவும் நடுவில் 'எந்த டிஸ்கும் இல்லை' என்று ஒரு வெற்றுப் பட்டியலைக் காட்டும். எனக்கு உதவியாக இருக்கும் தம்பி அதைப் பார்த்து, "அக்கா, எஸ்எஸ்டி செத்துப்போச்சு" என்று ஓடி வந்தான். ஒன்றும் சாகவில்லை. விர்ட்-ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாகச் சேர்த்துவிட்டு, அந்தத் திரையிலேயே 'லோட் டிரைவர்' கொடுத்து, உங்கள் விண்டோஸின் பெயருள்ள ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் முளைத்துவிடும். விண்டோஸ் 11 என்றால் உருவாக்கும்போதே யுஇஎஃப்ஐயும் (பயாஸின் புது வடிவம்) டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தகுதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்தும். எல்லாம் முடிந்தபின் உள்ளே கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன நிரலையும் நிறுவுங்கள். அது இருந்தால் வெளியிலிருந்து 'ஷட்டவுன்' என்றால் ஒழுங்காகக் கேட்கும்.

ஒன்றைச் செய்து பலவாக்குதல்

ஒரு சுத்தமான உபுன்டு விஎம் செய்து, அப்டேட் எல்லாம் போட்டு, அதை டெம்ப்ளேட் ஆக்கிவிடுங்கள். அடுத்த முறை புது சர்வர் வேண்டுமானால் 'குளோன்', ஒரு நிமிடம். இட்லித் தட்டு மாதிரி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நான் எடுத்த முதல் இரண்டு குளோன்களும் ரவுட்டரிடமிருந்து ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு மாறி மாறிக் காணாமல் போயின. அரை நாள் கேபிளையே மாற்றிக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், உபுன்டு தன்னை மெஷின்-ஐடி என்ற எண்ணால் ரவுட்டரிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது, குளோன் அந்த எண்ணையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறது. டெம்ப்ளேட் ஆக்குவதற்கு முன் அந்த ஃபைலைக் காலி செய்துவிடுங்கள். அடுத்த பூட்டில் தானாகப் புது எண் பிறக்கும். சர்வருக்குள் தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் சாவிகளும் இப்படித்தான் நகலாகும், ஆனால் அவற்றை ஒவ்வொரு குளோனிலும் நாமே புதிதாக உருவாக்க வேண்டும். கிளவுட்-இனிட் என்ற நிரலைக் கற்றுக்கொண்டால் சாவிகளையும் பெயரையும் ஐபியையும் அதுவே ஒவ்வொரு குளோனுக்கும் புதிதாகப் போட்டுவிடும்.

டெஸ்ட் மெஷின் வெளியே பேசக் கூடாது

இதைத்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சோதனைக்கு நிஜமான தரவு வேண்டும் என்று ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த பில்லிங் விஎம்மையே குளோன் எடுத்து, மறுநாள் காலை ஆன் செய்தேன். டீ குடிக்கக் கீழே போனேன். குளோன் என்றால் எல்லாமும் குளோன். தினமும் காலை 10 மணிக்குப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையும் அதற்குள் இருந்தது. டீ ஆறுவதற்குள் முதல் போன்.

"இன்னாம்மா, இன்னும் பாக்கி கேக்குற? நேத்து ராத்திரியே கட்டிட்டேனே."

பாக்கி இருந்தவர்களுக்கு நிஜ மெஷின் ஒன்று அனுப்பியது, குளோன் ஒன்று அனுப்பியது. குளோன் முந்தைய நாள் கணக்கோடு அனுப்பியதால் கட்டிவிட்டவர்களுக்கும் போனது. காசிமேட்டில் பாக்கி கேட்பது சின்ன விஷயம் இல்லை, அதுவும் கட்டிவிட்டவரிடம். அன்று முழுக்க ஒவ்வொருவருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு அண்ணனிடம் நேரில் போனேன்.

இப்போது என் வழக்கம் இது. நெட்வொர்க் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பிரிட்ஜ் (விஎம்களை இணைக்கும் பாலம்) உருவாக்கியிருக்கிறேன். அதற்கு எந்த நிஜ கேபிளையும் சேர்க்கவில்லை, 'போர்ட்ஸ்' காலி. அதில் இருக்கும் விஎம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், தெருவுக்கு வராது. குளோன் எடுத்ததும், ஆன் செய்வதற்கு முன், அதன் நெட்வொர்க் கார்டைத் திறந்து அந்த பிரிட்ஜுக்கு மாற்றுகிறேன். அவசரம் என்றால் அதே இடத்தில் 'டிஸ்கனெக்ட்' டிக் இருக்கிறது, கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம். உள்ளே போய் எஸ்எம்எஸ், மெயில், ஆன்லைன் பணம் இவற்றின் சாவிகளை அழித்தபின்தான் மற்றதெல்லாம்.

ஸ்னாப்ஷாட்

விஎம்முக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து இதுதான். ஒரு விஎம் இந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் டேட்டாபேஸ் வெர்ஷனை மாற்றிப் பாருங்கள், டேபிளை அழித்துப் பாருங்கள். சொதப்பினால் 'ரோல்பேக்', சில நொடிகளில் பழைய நிலை. முன்பெல்லாம் ஒரு அப்டேட் போட இரண்டு நாள் தள்ளிப்போடுவேன். இப்போது காபி ஆறுவதற்குள் மூன்று முறை கெடுத்துவிடுகிறேன்.

ஆனால் ரோல்பேக் இரண்டு பக்கமும் கூரான கத்தி. நிஜ மெஷினுக்கு 'ஐஸ்1' என்றும் டெஸ்ட் மெஷினுக்கு 'ஐஸ்2' என்றும் பெயர் வைத்திருந்தேன். இரண்டிலும் 'முன்பு' என்ற பெயரில் ஸ்னாப்ஷாட். ஒரு நாள் முற்பகல் 11 மணிக்கு டெஸ்டைப் பின்னால் தள்ளுவதாக நினைத்து ஐஸ்1-ல் அழுத்தினேன். நிச்சயமா என்று ஒரு தடவை கேட்டது. நிச்சயம் என்றேன். அன்று விடியற்காலை ஏலத்திலிருந்து போட்ட பில் எல்லாம் காற்றோடு போயின. கடைகளில் அச்சடித்த பில்லின் இரண்டாம் பிரதி ஆணியில் குத்தி வைத்திருப்பார்கள். தம்பி சைக்கிளில் போய் அந்த ஆணிகளை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினான். ஐஸ் தண்ணீர் பட்டு எழுத்து மங்கிய காகிதங்களைப் பார்த்து நான் இரவு வரை திரும்பத் தட்டினேன்.

அதனால்: நிஜ மெஷினுக்கும் டெஸ்ட் மெஷினுக்கும் பார்த்தவுடன் வேறுபடும் பெயர். என்னுடையவை இப்போது 'கடை-நிஜம்', 'சோதனை-பில்'. சிவப்பு, பச்சை டேக் வேறு. நிஜ மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அதை நீக்கிவிடுகிறேன். பல நாள் விட்டு வைத்தால் இடத்தையும் தின்னும், என்னைப் போன்றவர்களுக்குச் சபலத்தையும் தரும்.

பேக்கப், புயல்

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது இருப்பது அதே டிஸ்கில். வீடு எரிந்தால் வீட்டுக்குள் வைத்த சாவியும் எரியும்.

டேட்டாசென்டர் பக்கத்தில் பேக்கப் என்ற இடத்தில் நேரம் குறித்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு விஎம்மையும் ஒரே ஃபைலாகச் சுருக்கி வைக்கும். எந்த வழிகாட்டியைப் பார்த்தாலும் இரவு 2 மணிக்கு வை என்பார்கள், அப்போது யாரும் வேலை செய்யமாட்டார்களாம். காசிமேட்டில் அதுதான் உச்சி நேரம். முதல் வாரம் விடியற்காலையில் பேக்கப் ஓடி, டிஸ்க் திணறி, பில் போட ஆளுக்கு அரை நிமிடம் ஆனது. என் பேக்கப் மதியம் 3 மணிக்கு. கடைக்காரர்கள் தூங்கும் நேரம். உங்கள் வாடிக்கையாளர் எப்போது தூங்குகிறார் என்று பார்த்து நேரம் வையுங்கள்.

தினப் பிரதி 7, வாரப் பிரதி 4 வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், பழையதை அதுவே கழித்துவிடும். டேட்டாபேஸை மட்டும் தனியாக மணிக்கு ஒருமுறை டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புகிறேன். அந்த ரோல்பேக் நாளுக்குப் பிறகு வந்த புத்தி. இதெல்லாம் போய்ச் சேரும் இடம் சித்தி வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு குட்டி மினி பிசி. அதிலும் பிராக்ஸ்மாக்ஸ்தான், 16 ஜிபி. மாதம் ஒருமுறை அதில் ஒரு பேக்கப்பைத் திறந்து, பில்லிங் எழுகிறதா என்று பார்க்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி எதையும் அழிக்காதீர்கள்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தது. தெருவில் தண்ணீர், கரெண்ட் இல்லை. யுபிஎஸ் தீர்வதற்குள் பெட்டி தானாக ஒழுங்காக அணைந்திருந்தது. படகு கடலுக்குப் போகாத நாளில் பில் யாருக்கு வேண்டும் என்று நினைப்பீர்கள். கடலுக்குப் போகாத நாளில்தான் எல்லாரும் உட்கார்ந்து பழைய பாக்கி பார்ப்பார்கள்! சித்தி வீட்டில் கரெண்ட் வந்ததும் போனேன், கையில் குடை மட்டும்தான். முந்தைய நாள் மதிய பேக்கப்பை அந்த மினி பிசியில் 'ரிஸ்டோர்' கொடுத்தேன், அதன்மேல் கடைசி மணி டம்ப்பை ஏற்றினேன். வேறு பிராசசர், வேறு போர்டு. விஎம்முக்கு வித்தியாசமே தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் கடைக்காரர்கள் போனில் கணக்கு பார்க்க ஆரம்பித்தார்கள்.

யுபிஎஸ் பற்றி ஒரு வரி: யுஎஸ்பி கேபிள் உள்ளதாக வாங்குங்கள். ஹோஸ்டில் நட் என்ற நிரலைப் போட்டால் பேட்டரி இறங்கும்போது விஎம்களை வரிசையாக மூடிவிட்டு ஹோஸ்டும் மூடிக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்குத் தள்ளுங்கள், மற்ற மோடில் மாறும் இடைவெளியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். திரும்ப எழும்போது டேட்டாபேஸ் முதலில், வெப் அப்புறம் என்று ஒவ்வொரு விஎம்மின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் வரிசையும் கொடுக்கலாம்.

வெளியுலகுக்கு ஹோஸ்டிங்

வெளியாட்கள் எல்லாரும் வரும் வெப்சைட்டை வீட்டு இணைப்பில் வைக்காதீர்கள். பல உள்ளூர் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. ஒரே ஐபிக்குப் பின்னால் தெருவே நிற்கும், வெளியிலிருந்து உங்கள் கதவை யாரும் தட்ட முடியாது. நான் இணையத்தில் ஒரு சின்ன விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அதுவும் யாரோ ஒருவருடைய பெரிய பெட்டிக்குள் இருக்கும் ஒரு குடித்தனம்தான். முன்வாசல் அங்கே, அங்கிருந்து வயர்கார்ட் என்ற நிரல் போடும் பாதுகாப்பான சுரங்கம் வழியாக என் மாடி அறைக்கு வழி. புயல் நாளில் சித்தி வீட்டுக்குப் பாதையைத் திருப்ப ஒரு வரி மாற்றினால் போதுமாக இருந்தது. எது செய்தாலும் அந்த 8006 கதவை மட்டும் வெளியே திறந்து வைக்காதீர்கள். வீட்டின் மொத்தச் சாவிக்கொத்தும் அதில்தான் தொங்குகிறது.

சரிப்படாத சில

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யுஎஸ்பியில் செருகுவது. அதை விஎம்முக்குக் கைமாற்றி விடலாம், ஓடுகிறது. ஆனால் விஎம்மை வேறு பெட்டிக்கு நகர்த்தினால் டோக்கனையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். ஆடிட்டர் அலுவலகங்களுக்கு அதைச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே வைக்கச் சொல்லிவிடுகிறேன். டாலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும் பழைய மெஷினை விஎம் ஆக்குகிறவர்கள் முதலில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புது இடத்தில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழைய விண்டோஸ் பெட்டியை அப்படியே உள்ளே கொண்டுவர மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஹெச்டி இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கையே ஃபைலாக்கிவிடும். அந்த ஃபைலை பிராக்ஸ்மாக்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் பூட்டுக்கு டிஸ்கை விர்ட்-ஐஓ ஆக்காமல் சாட்டா என்று வையுங்கள், டிரைவர் போட்ட பின் மாற்றலாம். சிசிடிவி பதிவை விஎம்மில் வைக்காதீர்கள், 24 மணி நேரமும் ஒரே குடும்பம் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஹோஸ்டைப் பெரிய வெர்ஷனுக்கு மாற்றுவதை நான் எப்போதும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் செய்வது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கரையில், விடியற்காலையில் என்னை எழுப்ப ஆள் இல்லை. பிராக்ஸ்மாக்ஸ் 8-லிருந்து 9-க்குப் போகும் வேலையைத் தம்பியிடம் விட்டிருக்கிறேன். முதலில் சித்தி வீட்டு மினி பிசியில் செய்து பார்க்கச் சொன்னேன். "அக்கா, அது கெட்டா?" என்றான். கெடட்டும், அதற்குத்தான் அது என்றேன். படகுகள் கரை ஏறியதும் ஆரம்பிப்பான்.